சம்பளம் பெற்று வைத்தியம் பயின்றோர்

நம் ஊர்களில் முந்திய தலைமுறையினருக்கு 'அப்போதிக்கரி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நடுச்சாமத்திலே பிள்ளைக்கு வலிப்புக் கண்டாலும், தறையிலே மண்வெட்டி காலில் பட்டாலும், அவர்கள் ஓடிச்சென்று தட்டியது பெரிய டொக்டரின் கதவையன்று; அப்போதிக்கரி வீட்டுப் படலையையே. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இத்தொழிலாளரை டிஸ்பென்சர் என்றனர். மலாயாவுக்குப் போனவர்கள் டிரெசர் என்றனர். தமிழகத்திலே இவருக்கு ஒருபடி கீழே நின்று மருந்து கலந்து கொடுத்தவர் கம்பவுண்டர். பெயர் பலவாயினும் இவர்கள் தொழில் பழகிய வழி ஏறக்குறைய ஒன்றே. இளம் வயதில் ஆஸ்பத்திரியிலே சிறு படிப்பணத்துக்குச் சேர்ந்து, மருந்தரைத்து, புண் கழுவி, கட்டுக் கட்டி, வைத்தியர் பின்னே கட்டில் கட்டிலாக நடந்து, கண்டும் செய்தும் கற்ற வழி அது.

பெரிய வைத்தியர்களின் சரித்திரத்தை எழுதினோர் பலர். அவர்களுக்குக் கீழே நின்ற இந்த உதவியாளரின் சரித்திரத்தை எழுதினோர் சிலரே. படிக்கும் பிள்ளையிடம் பணம் வாங்காது, படிக்கும் பிள்ளைக்கே பணங் கொடுத்து வைத்தியம் பயிற்றும் வழக்கம் எங்கே தோன்றியது, ஏன் தோன்றியது, அது எம்மவர்க்கு எதைத் தந்து எதை எடுத்துக்கொண்டது என்பனவற்றை நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலிலே இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே வைத்தியத் தொழிலைப் பழக விரும்பிய பிள்ளையின் தகப்பன், ஓர் அப்போதிக்கரியிடம் ஒரு தொகைப் பணத்தைக் கட்டிப் பிள்ளையை ஒப்படைப்பான். பிள்ளை குருவின் வீட்டிலே தங்கி ஆண்டுக்கணக்காக வேலை செய்யும். 1815ஆம் ஆண்டு நிறைவேறிய அப்போதிக்கரிகள் சட்டம், ஐந்தாண்டுத் தொழிற்பழக்கம் இன்றி எவரும் உரிமைச் சீட்டுப் பெறலாகாது என்று விதித்தது. ஆங்கிலக் கவி ஜோன் கீற்ஸ் இவ்வழியால் வந்தவரே. பதினான்காம் வயதளவில் எட்மன்டன் என்னும் ஊரிலே தோமஸ் ஹமன்ட் என்ற வைத்தியரிடம் விடப்பட்டு, பின் இலண்டன் கைஸ் ஆஸ்பத்திரியிலே டிரெசராக நின்று, 1816இல் உரிமைச் சீட்டும் பெற்றார். அதன்பின் கத்தியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது, அங்கே பணங் கொடுத்தவர் படிப்பவரின் வீட்டார் என்பதே. கையிலே பணமில்லாதவன் பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. பயிலுவோருக்குப் பணங் கொடுக்கும் முறையை அங்கே நன்கு தெரியவைத்தது 1860இல் இலண்டன் சென்தோமஸ் ஆஸ்பத்திரியிலே புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பெயரால் தொடங்கிய தாதியர் பாடசாலை. அங்கே பயிற்சிப் பெண்களுக்கு உணவும் உறையுளும் சீருடையும் கொடுத்து, ஆண்டுக்கு 10 பவுணும் கொடுத்தார்கள்.

எமது நாட்டுப் பழைய வழக்கம் இவ்விரண்டிலும் சேராதது. பரம்பரைப் பரியாரியார் வீட்டிலே மாணாக்கன் பிள்ளையோடு பிள்ளையாக இருந்து மூலிகை பறிப்பான், கல்வத்திலே மருந்தரைப்பான், ஏடு பாடம் பண்ணுவான். கூலி பேச்சில் வராது. பெரும்பாலும் மகனே மாணாக்கன், அல்லது மருமகன். அக்குடும்பத்துக்குப் புறம்பான ஒருவன் அக்கலையினுள் நுழைவது எளிதாயிருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கும்பினியார் படைகளைப் பெருக்கிக்கொண்டு போன காலத்திலே, ஐரோப்பிய வைத்தியரை மட்டும் நம்பி அப்படைகளை நடத்த முடியவில்லை. கடல் கடந்து வரும் வைத்தியருக்குக் கொடுக்கும் சம்பளம் பெரிது. வந்தவர்களில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். ஆதலின், இந்நாட்டுச் சுவாத்தியத்துக்குப் பழகிய இளைஞரைச் சிறு சம்பளத்துக்குப் பிடித்துப் பயிற்றுவதே சிக்கனமெனக் கண்டார்கள். 1812ஆம் ஆண்டளவில் அநாதை விடுதிகளிலும் தருமப் பாடசாலைகளிலும் வளர்ந்த பையன்களை எடுத்து, ஆஸ்பத்திரிகளிலே மருந்து கலப்போராகவும் கட்டுக் கட்டுவோராகவும் பழக்கும் ஏற்பாடு உருவாயிற்று. தருமம் அதற்குக் காரணமன்று, கணக்கே காரணம். என்றாலும், கணக்குப் பார்த்துத் திறந்த கதவாயினும் கதவு கதவுதானே! பணமில்லாத பிள்ளை வைத்தியத் தொழிலினுள் கால் வைக்க அது இடந்தந்தது.

இம்முறை ஒரு பாடசாலையாக உருப்பெற்றது கல்கத்தாவிலே. 1822ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அங்கே சுதேச வைத்திய நிலையம் ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் 20 மாணவர். இந்துக்களும் முஸ்லிம்களும் சேரலாம். வயது 18 முதல் 26 வரை. இந்துஸ்தானி மொழியை எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். படிக்கும் காலத்தில் ஒவ்வொருவனுக்கும் மாதம் 8 ரூபா. படித்து முடிந்து 'நேற்றிவ் டொக்டர்' என்ற பெயரோடு ஒரு படைப்பிரிவுக்குப் போகும்பொழுது 20 ரூபா. இதற்குக் கைம்மாறாக அவன் பல ஆண்டுகள் கும்பினியாரின் ஏவற்படி ஊழியஞ் செய்ய வேண்டும்; படை எங்கே செல்கின்றதோ அங்கே செல்ல வேண்டும்.

அந்நிலையத்தின் முதலாவது தலைவர் டொக்டர் ஜேம்ஸ் ஜேமிசன். 1817இல் வங்காளத்திலே தோன்றிப் பரவிய பெரும் வாந்திபேதியைப் பற்றி 1820இல் விரிவான அறிக்கை எழுதியவர் அவரே. ஆனால் அவர் பதவியேற்ற மறு ஆண்டிலேயே இறந்துபட்டார். அவருக்குப்பின் வந்த பீற்றர் பிறெற்றன், மாணவருக்கு ஆங்கில வைத்திய நூல்களின் சாரத்தை அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொடுக்க முனைந்தார். அதற்குச் சொற்கள் வேண்டுமன்றோ? 1825இல் உடலுறுப்புகளின் பெயர்களையும் வைத்தியச் சொற்களையும் ஆங்கிலம், அரபு, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் ஆகிய ஐந்து மொழிகளிலும் வரிசைப்படுத்திய ஒரு சொற்றொகுதியை வெளியிட்டார். எட்டு ரூபாச் சம்பளப் பையன்களுக்காகச் செய்யப்பட்ட வேலை என்று எவரும் இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. மேல்நாட்டு வைத்தியத்தைக் கீழ்நாட்டு மொழியிலே கற்பிக்கலாம் என்று துணிந்து தொடங்கிய முயற்சிகளில் இஃதொன்று. மூன்றாம் தலைவர் ஜோன் ரைற்லர் அரபு மொழியில் வல்லவர். ஹூப்பர் என்பாரின் உடற்கூற்றுக் கைந்நூலை அரபிலே பெயர்த்தவர்.

மாணவர் காலையிலே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பெரிய ஆஸ்பத்திரி, சுதேசிகள் ஆஸ்பத்திரி, மருந்துச்சாலை ஆகியவற்றிலே பங்கு பங்காக நின்று நோயாளரைப் பார்ப்பார்கள். மருந்து நிறுத்தல், களிம்பு கூட்டல், அட்டை விடுதல், இரத்தம் வாங்குதல், முறிந்த எலும்புக்கு மட்டை வைத்துக் கட்டுதல் ஆகியவை அக்காலத்து உதவியாளன் அறிய வேண்டிய கைவேலைகள். உடற்கூற்றைப் படிக்க மிருகங்களை அறுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தோரின் உடலை வைத்தியர் சோதிக்கும்பொழுது அருகே நின்று பார்க்க இடமிருந்தது. தாமே மனித உடலை அறுத்துப் படிக்கும் வழக்கம் மட்டும் அங்கே இல்லை.

இந்தக் குறையே அந்நிலையத்துக்கு உலை வைத்தது. தேசாதிபதி பென்ரிங் பிரபு ஒரு விசாரணைச் சபையை நியமித்தார். டொக்டர் ஜோன் கிரான்ற் அதன் தலைவர். வங்காளிகளிலே ராம்கமல் சேன் அதில் ஓர் அங்கத்தவர். சபையார் 1834 ஒற்றோபரில் அறிக்கை கொடுத்தனர். மனித உடலை அறுத்துப் பாராத படிப்புப் படிப்பன்று. மொழிபெயர்த்த சிறு நூல்கள் போதா. ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ரைற்லர் எதிர்த்து வாதாடினார்; பயனில்லை. 1835 சனவரி 28இல் பிறந்த கட்டளையால் நிலையம் மூடப்பட்டது. தேர்ச்சி கண்ட மாணவர் படைகளுக்கு அனுப்பப்பட்டனர். அக்கட்டளையாலேயே கல்கத்தா வைத்தியக் கல்லூரி பிறந்தது. மெக்காலே தமது பேர்போன கல்விக் குறிப்பில் ஒப்பமிட்டது பெப்ருவரி 2இல். ஆகவே, கல்வி மொழியைப் பற்றிய பெருவழக்கிலே, மெக்காலேக்கு ஐந்து நாள் முந்தியே வைத்தியத் துறையில் தீர்ப்பு எழுதியாயிற்று.

சபையார் கூறியதிலே நாம் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பிணத்தை அறுத்துப் பாராமல் இரணவைத்தியம் கற்க முடியாது. 1836இல் மதுசூதன குப்தர், சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்துப் பின் புதிய கல்லூரிக்கு வந்தவர், சாதிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சாது மனித உடலிலே கத்தி வைத்தார். அது பெருந்துணிவு. ஆனால், அறுத்துப் பார்த்தலுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன தொடர்பு? அதே மாணவர் உடலை அறுத்துக்கொண்டே இந்துஸ்தானியிற் கற்றிருக்க முடியாதா? குறையை நீக்குவதற்குப் பதிலாகப் பள்ளியையே நீக்கினார்கள் என்றே நாம் கருதுகின்றோம். எம் கருத்துக்குச் சாட்சி கும்பினியாரின் பிந்திய செய்கையே. நான்காண்டு கழிந்து, 1839இல், அதே கல்லூரியினுள் இந்துஸ்தானி வகுப்பொன்றை அவர்களே திறந்தார்கள். ஆங்கிலம் படித்த மாணவரைக் கொண்டு படைகளின் தேவையை நிரப்ப முடியவில்லை. 1852இல் வங்காளி மொழி வகுப்பும் சேர்ந்தது. வெளியே தள்ளிய மொழி, பக்கக் கதவால் உள்ளே வந்தது. ஆனால் முன்போலத் தனக்கென ஒரு வீட்டிலன்று. ஆங்கில வகுப்புக்குக் கீழ்ப்பட்ட ஒரு வகுப்பாக.

உதவிப்பணம் புதிய கல்லூரியிலும் தொடர்ந்தது. 14 வயது முதல் 20 வயது வரையுள்ள 50 மாணவருக்கு, மாதம் 7 ரூபாவில் தொடங்கி 12 ரூபா வரை கொடுத்தார்கள். சென்னையிலும் அவ்வாண்டு பெப்ருவரியில் வைத்தியப் பாடசாலை ஒன்று தொடங்கிற்று. டொக்டர் மோற்றிமர் அதற்குத் தலைவர். படையாஸ்பத்திரிகளிலே பழகிவந்த தொழிற்பழகுநரையும் சுதேச டிரெசர்களையும் ஒழுங்காகப் படிப்பிப்பதே அதன் முதல் நோக்கம். 1850இல் சென்னை வைத்தியக் கல்லூரி என்று பெயர் பெற்ற பெரு நிலையம் இந்த உதவியாளர் வகுப்பிலிருந்தே வளர்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மரத்தைப் புகழுவோர் வேரை மறப்பது வழக்கம்.

சம்பளம் கொடுத்தவன் கதவைத் திறந்தான் என்றோம். கூரையையும் அவனே தாழ வைத்தான். நேற்றிவ் டொக்டர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஐரோப்பிய சேர்ஜனுக்குக் கீழ்ப்பட்டவனே. படையாஸ்பத்திரியில் இரவு முழுவதும் விழித்திருந்து காலராக் கண்ட சிப்பாய்க்கு மருந்து ஊற்றியவன் அவன். ஆனால் மேலதிகாரியாகும் வழி அவனுக்கு இல்லை. சூரியகுமார சக்கரவர்த்தி என்ற வங்காளி வைத்தியர் இந்திய வைத்திய சேவையில் இடம் பெற்றது 1855இல், அச்சேவையைப் போட்டிப் பரீட்சைக்குத் திறந்துவிட்ட பின்னரே. அதுவும் இங்கிலாந்து சென்று படித்து, அங்கே பரீட்சை எழுதி. எட்டு ரூபா மாணவனுக்கு அது கனவிலும் எட்டாதது.

இலங்கையின் கதை கல்கத்தாவோடு நேரே பிணைந்தது. 1870க்கு முன் இத்தீவிலே அரசாங்க வைத்தியப் பாடசாலை இருக்கவில்லை. ஆதலின் 1830களின் இறுதி தொட்டு, தெரிந்தெடுத்த இளைஞரை அரசாங்கச் செலவிலே கல்கத்தா வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அப்படிச் சென்றவர்களில் ஒருவர் டொக்டர் பி. டி. அன்ரனிஸ். பின்பு இங்கிலாந்தும் சென்று பட்டம் பெற்றுப் புகழடைந்தார். காலிக் கோட்டை வாசலுக்கு அணித்தாக 1883இல் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் அவர் ஞாபகமாக நிற்பது. காலிக்குச் செல்லும் எம் வாலிபர்கள் மணியைப் பார்ப்பதோடு பெயரையும் பார்ப்பார்களாக.

இவ்வாறு தெற்கிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலே, வடக்கில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், வேறொரு வகைப் பழக்கம் நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து, மருந்துச்சாலையோடு மாணவர் வகுப்பையும் தொடங்கினார். மாணவர் அவருடனிருந்து, நோயாளரைத் தொட்டுப் பார்த்து, கத்தி எடுத்துக் கொடுத்து, மருந்து கலந்து தொழில் பழகினர். 1850இல் ஏசண்டர் டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரிலே எழுந்த ஆஸ்பத்திரியும் பயிற்சிக் களமாயிற்று. மதம் பரப்ப வந்தவர் அவர் என்பதை நாம் மறக்கவில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சைவத் தமிழர் நன்றியோடு நினைக்கத்தக்க ஒரு காரியத்தை அவர் செய்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1862இல் இரண்டாம் முறை வந்தபின் தமிழிலேயே கற்பித்தார். கல்கத்தாவில் ரைற்லர் தோற்ற வழக்கை மானிப்பாயிலே கிறீன் மீண்டும் எடுத்தார் எனலாம். ஒரு வேறுபாடு மட்டும்: இவர் மாணவர், அரசாங்கச் சம்பளத்தையோ மிஷன் சம்பளத்தையோ எதிர்பாராமல், ஊரிலே ஊரவராக இருந்து, உடையும் மாறாமல், தொழில் செய்து பிழைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். கட்டர் என்பாரின் உடற்கூற்று நூலும், மவுன்செல்லின் பிரசவ வைத்தியமும் 1857இலேயே தமிழில் வந்துவிட்டன. பின்னர் 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிறேயின் மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் ஹூப்பரின் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம். கல்கத்தாவிலே ஒரு நூலால் அரபுக்குப் போன அதே ஹூப்பர், மற்றொரு நூலால் மானிப்பாயில் தமிழுக்கு வந்தார். சொல்லாக்கத்திலே கிறீன் கைக்கொண்ட முறையும் கவனிக்கத்தக்கது. முதலில் தமிழிலே தேடுவார்; அங்கே கிடையாவிட்டால் சமஸ்கிருதத்திலே தேடுவார்; அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு இசைய உருமாற்றுவார். கெமிஸ்தம் என்ற சொல் இந்த மூன்றாம் வழியாற் பிறந்தது. நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இந்த வேலையை அவர் தனியே செய்யவில்லை. டன்போர்த், சப்மன், போல், சுவாமிநாதன் முதலிய அவர் மாணவரே மொழிபெயர்ப்பிற் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள். பெயர்களைக் கண்டு இவர்களை அமெரிக்கர் என்று மயங்கற்க. மிஷன் பாடசாலையிலே உபகாரிகளின் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகளே அவர்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று தொழில் பழகிய உதவியாளரே தம் மொழிக்கு வைத்திய நூல்களையும் ஆக்கித் தந்தனர். இதற்கு ஒப்பானதை நாம் கல்கத்தாவிலும் காணவில்லை, சென்னையிலும் காணவில்லை.

1870 யூன் 1இல், தேசாதிபதி சேர் ஹேர்குலிஸ் றொபின்சன் காலத்திலே, கொழும்பில் வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டது. அதன் முதலாவது தலைவர் டொக்டர் ஜேம்ஸ் லூஸ். வடமாகாணத்திலே உத்தியோகஞ் செய்து, வன்னிக் கிராமங்கள் பறங்கி நோயாலும் காய்ச்சலாலும் குடியற்றுப் போவதைக் கண்டு அறிக்கை எழுதியவர் அவர். காட்டோரக் கிராமத்துக்கு வைத்தியம் தெரிந்த ஒருவன் வேண்டும் என்பதே அப்பாடசாலை எழுந்ததற்கு ஒரு பெருங்காரணம். ஆயினும் படிப்பு ஆங்கிலத்தில். 1880இல் அது கல்லூரியாயிற்று. அங்கே டொக்டர்மாரோடு அப்போதிக்கரிமாரும் பயின்றனர், பிற்காலத்தில் ஏ. எம். பி. என்று பெயர் மாறியவர்கள் இவர்களே. கிராமத்து டிஸ்பென்சரிகளை ஆண்டாண்டு காலமாகத் தாங்கி நின்றவர்கள் இந்த அப்போதிக்கரிமாரே என்பதை எவரும் மறுக்கார்.

தோட்டங்களுக்கு 1872ஆம் ஆண்டு வைத்திய வசதிச் சட்டமும் 1912ஆம் ஆண்டுச் சட்டமும் டிஸ்பென்சர்களைக் கொண்டுவந்தன. தமிழ்த் தொழிலாளியின் நோயைத் தமிழிற் கேட்டு, மருந்துப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, துரையின் பங்களாவுக்குக் கணக்குக் காட்டிய மனிதர் அவர். மலாயாவிலோ யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆஸ்பத்திரிகளிலே பயிற்சி டிரெசராகச் சேர்ந்து, படிப்பணம் பெற்றுப் பழகி, றப்பர்த் தோட்டங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஊழியஞ் செய்தனர். எம் கிராமங்களிலே அக்காலத்து எழுந்த கல்வீடுகள் சிலவற்றின் அத்திவாரத்திலே டிரெசர் சம்பளம் கிடக்கின்றது. கீற்ஸ் வகித்த டிரெசர் என்ற பெயரைத் தாம் சுமந்ததை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்!

இவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் வேண்டியிருந்தது. சம்பளம் எங்கே இருந்ததோ அங்கே பிள்ளைகள் போனார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. கடனும் காணி ஈடும் சீதனப் பாரமும் உள்ள வீட்டிலே மூத்த மகனுக்கு மாதப்பணம் தரும் படிப்பும், கையில் ஒன்றும் தராத படிப்பும் ஒன்றாகத் தோன்றுவதெப்படி? கிறீன் 1873இல் உடல் நலங்குன்றித் தமது நாட்டுக்குத் திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். உடலின் தொழிலைக் கூறும் மனுஷ சுகரணம் 1883இலும், மூலிகைகளையும் சரக்குகளையும் கூறும் இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் இறந்தார். அப்பொழுது கொழும்புக் கல்லூரி ஆங்கிலத்திலே எல்.எம்.எஸ். பட்டம் கொடுக்கத் தொடங்கி நான்காண்டு கழிந்திருந்தது.